ஆர்கன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: ஒரு நெல்லைச் சீமை ஆர்கன்காரரின் பதில்கள்

பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரும் ஒரு தேரிக்காட்டு ஊரின் கிறிஸ்தவக் கோயிலில் முப்பது வருஷமாக ஆர்கன் வாசிக்கிறேன். பக்கத்துச் சேகரங்களிலிருந்து, அதாவது பக்கத்துச் சபை வட்டாரங்களிலிருந்து, ஆள் வந்துகொண்டே இருக்கும். பெட்டியில் சத்தம் வரவில்லை என்பார்கள், பையனுக்குச் சொல்லித் தருவீர்களா என்பார்கள், எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்பார்கள். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். கொஞ்ச நாளாக ஒரு ஆசாரியார் பட்டறையில் மரக்குழல் செய்து பார்க்கிறேன். அதைப் பற்றியும் கேட்கிறார்கள், அதுவும் கீழே இருக்கிறது.

எங்கள் கோயிலில் இருப்பது பைப் ஆர்கனா?

பெரும்பாலும் இல்லை. நம் பக்கத்தில் ஆர்கன் என்றால் நாலு சாமானுக்கும் அதே பெயர்தான். கையால் துருத்தி போடுகிற ஆர்மோனியம் ஒன்று. காலால் மாற்றி மாற்றி மிதிக்கிற கால்பெட்டி ஒன்று. கரண்டில் ஓடும் எலக்ட்ரானிக் ஆர்கன் ஒன்று. குழல் வைத்த நிஜமான பைப் ஆர்கன் நாலாவது.

கால்பெட்டிக்கு மேலே வரிசையாகக் குழல் நிற்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது அழகுக்கு வைத்ததாக இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் செய்த பல பெட்டிகளுக்குக் காற்றே போகாத வெற்றுக் குழலைக் கிரீடம் மாதிரி வைத்து விற்றார்கள். சோதிக்க ஒரே வழி, பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். ஒரு விரல் நீளப் பித்தளைச் சட்டங்கள், அவற்றில் அதிரும் மெல்லிய நாக்குகள் என்று இருந்தால் அது ரீட் ஆர்கன். ஆர்மோனியத்துக்கு அண்ணன், அவ்வளவுதான். ஆர்மோனியம் காற்றை வெளியே தள்ளும், அமெரிக்கக் கால்பெட்டி காற்றை உள்ளே இழுக்கும், நாக்கு ஒரே ஜாதி.

இதைக் கேட்டு முகம் வாடிப்போகிறவர்கள் உண்டு. வாட வேண்டாம். நல்ல கால்பெட்டி ஒன்று சுமாரான எலக்ட்ரானிக்கை விட எனக்கு உயர்த்திதான்.

பைப் ஆர்கனில் சத்தம் எப்படி வருகிறது?

கொல்லன் பட்டறைத் துருத்தியும் ஒரு கட்டுப் புல்லாங்குழலும் போதும், விஷயம் புரிந்துவிடும். துருத்தி ஒரு காற்றுப் பெட்டியை நிரப்புகிறது. அதன் மேல் கனம் ஏற்றியிருப்பதால் காற்று எப்போதும் ஒரே அழுத்தத்தில் நிற்கிறது. விரலால் கட்டையை அழுத்தினால் பெட்டிக்குள் ஒரு சின்னக் கதவு திறக்கும், காற்று குழலுக்குள் போகும். விரலை எடுத்தால் கதவு மூடும், ஒலி நின்றுவிடும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் கிடெசிபியஸ் என்பவர் தண்ணீரின் கனத்தால் காற்றழுத்தத்தை நிலையாக வைத்து ஒரு கருவி செய்தார். இன்றைய ஆர்கன் வரைக்கும் வேலை அதேதான்.

குழலில் இரண்டு ஜாதி. ஒன்றில் காற்று ஒரு மெல்லிய கீறல் வழியாக வந்து மேல் உதட்டில் மோதி அதிரும். இது புல்லாங்குழல் வழி. இன்னொன்றில் குழலின் அடியில் ஒரு பித்தளை நாக்கு துடிக்கும், மேலே இருக்கிற குழல் அதைக் கனமாக்கி வெளியே அனுப்பும். நாகஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி என்று சொல்லலாம். சீவாளி இரட்டை நாக்கு, இது ஒற்றை, ஆனால் அந்த முரட்டுக் கம்பீரம் இரண்டுக்கும் உண்டு.

பழைய முறையில் கட்டைக்கும் கதவுக்கும் நடுவே மெல்லிய மரச்சட்டமும் கம்பியும்தான் இருக்கும், அது டிராக்கர். அப்புறம் வந்தவை காற்றாலும் மின்காந்தத்தாலும் கதவைத் திறப்பவை. எதுவாக இருந்தாலும் கட்டையை ஓங்கிக் குத்தினால் சத்தம் அதிகமாகிவிடாது. பியானோ பழகியவர்களுக்கு இது முதல் ஏமாற்றம்.

குமிழில் 8, 16, 4 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

அடிக் கணக்கு. ஒரு குமிழை இழுத்தால் பேசுகிற குழல் வரிசைக்கு ஸ்டாப் என்று பெயர். ‘8’ என்று போட்ட ஸ்டாப்பில், கட்டைவரிசையின் ஆகக் கீழ் ஸாவுக்கு, அதாவது கீழ் சி கட்டைக்கு, திறந்த குழல் ஏறக்குறைய எட்டடி நீளம் இருக்கும். அந்த வரிசை நாம் பாடுகிற அதே சுருதியில் ஒலிக்கும். ‘4’ ஒரு ஸ்தாயி மேலே, ‘16’ ஒரு ஸ்தாயி கீழே. 32 அடி வைத்த பெரிய ஆர்கன்களில் ஆகக் கீழ் ஒலி விநாடிக்கு 16 அதிர்வு. அதைக் காதால் கேட்பதை விட உட்கார்ந்திருக்கிற பெஞ்சு வழியாகத்தான் உணர முடியும்.

ஒரு தந்திரம் உண்டு. குழலின் மேல்வாயை அடைத்துவிட்டால் பாதி நீளத்திலேயே அதே ஒலி கிடைக்கும். நாலடிக் குழல் எட்டடியாகப் பேசும், மிருதுவாகவும் இருக்கும். சின்னக் கோயில்களில் இடமும் பணமும் மிச்சம்.

மிக்சர் என்று ஒரு ஸ்டாப் இருக்கிறதாமே?

தீபாவளி மிக்சர் இல்லை. ஒரே கட்டைக்கு இரண்டு, மூன்று, நாலு சின்னக் குழல்கள் ஒன்றாகப் பேசும். எல்லாம் உச்சஸ்தாயியில் ஸாவும் பாவும். தனியாக இழுத்தால் காது கூசும். எட்டடி, நாலடி, இரண்டடி எல்லாம் நின்ற பிறகு மேலே இதைப் போட்டால் கோயில் முழுக்க வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கும். ரசத்துக்குப் பெருங்காயம் எவ்வளவோ பாட்டுக்கு மிக்சர் அவ்வளவு. முதல் சரணத்திலேயே இழுத்துவிட்டால் கடைசிச் சரணத்துக்கு உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நம் வெயிலுக்குப் பைப் ஆர்கன் தாங்குமா?

தாங்கும், ஆனால் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். சூடு கூடினால் காற்றில் ஒலி வேகமாகப் போகும், அதனால் புல்லாங்குழல் ஜாதிக் குழல்களின் சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும், கறுப்பும் சேர்த்து, 100 சென்ட். மார்கழி விடியற்காலையில் கோயிலுக்குள் 23 டிகிரி, சித்திரை மத்தியானம் 38 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 15 டிகிரி, 45 சென்ட், அடுத்த கட்டைக்குக் கிட்டத்தட்ட பாதி தூரம் ஏறிவிடும்! எல்லாக் குழலும் சேர்ந்து ஏறினால் சபை கவனிக்காது. சிக்கல் என்னவென்றால் நாக்குக் குழல்கள் அப்படி ஏறுவதில்லை. அதனால் மத்தியானக் கல்யாணத்தில் டிரம்பெட் ஸ்டாப்பை இழுத்தால் அது மட்டும் கீழே தொங்கும். நாக்குகளை அன்றைய சூட்டுக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், மற்ற குழல்களைத் தொடக்கூடாது. கையால் பிடித்தாலே அந்தக் குழல் சூடாகிக் கொஞ்ச நேரத்துக்குச் சுருதி மாறிவிடும்.

ஈரம் இன்னொரு பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும், ஸ்டாப் இழுக்க வராது, கட்டை அழுத்தினது அழுத்தினபடி நிற்கும். வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய மூட்டுகள் இளகும். அதனால்தான் வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய பெட்டிகளில் தேக்கும் திருகாணியும் அதிகம் போட்டார்கள். அப்புறம் ஆடிக் காற்று. எங்கள் ஊரில் அந்த மாதம் செம்மண் சாப்பாட்டில் விழும், ஆர்கனில் விழாதா? கதவு ஒன்றில் ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்தால் போதும், விரலை எடுத்த பிறகும் அந்த ஸ்வரம் கத்திக்கொண்டே இருக்கும். அதற்கு சைஃபர் என்று பெயர். பதறாமல் அந்த ஸ்டாப்பை உள்ளே தள்ளிவிட்டு மிச்சத்தை வைத்துப் பாட்டை முடியுங்கள்.

கரையான், எலி, வௌவால் மூன்றும் எல்லாருக்கும் தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி குளவி. ஒரு குழல் திடீரென்று ஊமையானால் ஆளுக்குப் போன் போடுவதற்கு முன்னால் டார்ச் அடித்து அதன் வாயைப் பாருங்கள், மண்கூடு இருக்கும்.

வெப்ப நாட்டில் தாங்கியதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் லாஸ் பின்யாஸ் என்ற ஊரில் தியேகோ சேரா என்ற பாதிரியார் 1816இல் தொடங்கி 1824இல் ஒரு ஆர்கனை முடித்தார். 1,031 குழல்களில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்து எடுத்தார்கள். புயல், பூகம்பம் எல்லாம் பார்த்து, நடுவில் ஜெர்மனி போய்ச் செப்பனிட்டு 1975இல் ஊர் திரும்பி, இன்னும் பேசுகிறது. மணப்பாட்டு மணலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

கீபோர்டு தெரியும். ஆர்கன் வாசிக்க அது போதுமா?

பாதி போதும். விரல் இடம் தெரியும், ஸ்வரம் வாசிக்கத் தெரியும், சரி. ஆனால் பியானோவில் தட்டிய ஒலி தானாகவே தேய்ந்துபோகும், ஆர்கனில் தேயாது. விரல் இருக்கிற வரைக்கும் அதே கனத்தில் நிற்கும், எடுத்த கணமே வெட்டிப்போகும். ஆகவே ஆர்கனில் வித்தை எல்லாம் விரலை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான். நான் சொல்லித் தரும்போது முதல் மாதம் ஒரே பயிற்சி: நாலு குரலில் ஒரு பாமாலையை, அதாவது மேல்நாட்டு மெட்டில் சபை பாடுகிற பாட்டை, எடுத்து, நாலு விரலும் சரணக் கடைசியில் ஒன்றாக எழ வேண்டும். ஒன்று முந்தி எழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. “அண்ணாச்சி, எப்போ பாட்டு சொல்லித் தருவீங்க?” என்பார்கள். இதுதான் டே பாட்டு.

விரல் போதாத இடத்தில் ஒரு கட்டையை அழுத்தியபடியே விரலை மாற்ற வேண்டும், மூன்றாம் விரல் போய் ஐந்தாம் விரல் வரும், ஒலி அறுபடாது. டேம்பர் பெடல் கிடையாது, அதை நம்பிப் பழகியவர்கள் ஒரு வருஷம் கஷ்டப்படுவார்கள். பெரிய ஆர்கனில் இன்னொரு மிதி உண்டு, ஸ்வெல். ஒரு பகுதிக் குழல்களை மரப்பெட்டிக்குள் வைத்து, முன்னால் ஜன்னல் சட்டம் போட்டிருப்பார்கள். மிதித்தால் ஜன்னல் திறக்கும், ஒலி கூடும். கால்பெட்டியில் இதற்குப் பதில் முழங்காலால் தள்ளுகிற பலகை இருக்கும்.

காலால் வாசிக்க ஷூ வேண்டுமாமே? நாம் செருப்பை வாசலில் விடுகிறோமே?

நல்ல கேள்வி, யாரும் புத்தகத்தில் எழுதாத கேள்வி. மேல்நாட்டில் மெல்லிய தோல் அடி, ஒரு சின்னக் குதிகால் வைத்த ஷூவை ஆர்கனுக்கென்றே வைத்திருப்பார்கள். கால்நுனி, குதிகால் இரண்டாலும் கட்டை மாற்றி மாற்றி மிதிக்க அது வசதி. நம் கோயிலில் செருப்பு வாசலோடு சரி. நான் வெறுங்காலோடு பழகினேன். எந்தக் கட்டையில் கால் இருக்கிறது என்று தோல் சொல்லும், அது லாபம். வேர்வையில் வழுக்கும், குதிகால் வலிக்கும், அது நஷ்டம். வெளியே போடாத ஒரு ஜோடியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டால் எந்தப் பாதிரி ஐயரும் கோபிக்க மாட்டார், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கீழே பார்க்காமல் மிதிக்கப் பழக வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

எங்கள் சபை இழுத்து இழுத்துப் பாடுகிறது. என்ன செய்வது?

உலகத்தில் எல்லா ஆர்கன்காரருக்கும் இந்தப் புகார் உண்டு. அதில் நமக்கு முதலிடம் தரலாம். பிரதிஷ்டைப் பண்டிகையில் ஆயிரம் பேர் பாடினால் கடைசிப் பெஞ்சுக்கும் ஆர்கனுக்கும் நடுவே ஒரு சொல் தூரம் விழுந்துவிடும். பலர் செய்கிற தப்பு, சபைக்காகக் காத்திருப்பது. நீங்கள் காத்திருந்தால் அவர்கள் இன்னும் காத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் “நீங்க போங்க, நீங்க போங்க” என்று மரியாதை செய்துகொண்டு பாட்டு படுத்துவிடும்.

சத்தத்தைக் கூட்டினாலும் வேகம் வராது. 16 அடியைக் குறைத்து 4 அடியைச் சேர்த்தால் ஒலி தெளிவாகும், சபை தானாக நிமிரும். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விடுங்கள், தாளம் அங்கேதான் காதில் விழும். அப்புறம் மூச்சு. ஒவ்வொரு வரிக் கடைசியிலும் நீங்களும் வாய்விட்டு மூச்சு எடுத்து, அந்த நேரத்துக்கு விரலைத் தூக்குங்கள். பாடத் தெரியாத ஆர்கன்காரர் வாசித்தால் சபை மூச்சு முட்டிச் சாகும். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே விடும் இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருந்தால், மூன்றாம் சரணத்தில் எல்லாரும் ஒன்றாக எடுப்பதைப் பார்க்கலாம்.

கட்டையும் முக்கியம். கொயர் மாஸ்டர் “ரெண்டு கட்டை” என்றால் டி, “நாலு கட்டை” என்றால் எஃப். காலை ஏழு மணி ஆராதனைக்குத் தொண்டை திறந்திருக்காது, புத்தகத்தில் எழுதியதிலிருந்து ஒரு கட்டை இறக்கி வாசித்தால் பெரியவர்கள் வாழ்த்துவார்கள்.

கீர்த்தனைக்கு ஆர்கன் ஒத்துவருமா?

பாமாலைக்கு ஆர்கன் தாய்வீடு, ஏனென்றால் மெட்டே நாலு குரலில் அங்கிருந்து வந்தது. கீர்த்தனை அப்படி இல்லை. வேதநாயக சாஸ்திரியார் 1774இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர், தஞ்சாவூரில் இருந்து பாடினவர். அந்த மரபில் வந்த கீர்த்தனைகள் ராகத்தில் நிற்பவை, ராகம் கமகத்தில் நிற்பது. ஆர்கன் கட்டை கமகம் அறியாது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவத்தான் தெரியும், வழுக்கத் தெரியாது. ஆர்மோனியத்தின் மேலும் இதே குற்றச்சாட்டுதான், அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை அதை ஒதுக்கியே வைத்திருந்தது. தோடியை ஆர்கனில் வாசிப்பது தோசைக்கல்லில் இட்லி ஊற்றுகிற வேலை.

ஆனால் எல்லாம் தோடி இல்லையே. சங்கராபரணம், மோகனம், ஹம்ஸத்வனி, கீரவாணி போன்றவற்றின் மெட்டு எளிய கீர்த்தனைகளில் அசைவு குறைவாக இருக்கும், அங்கே ஆர்கன் அழகாக உட்காரும். கமகம் அதிகமான இடத்தில் நான் செய்வது இது: மெட்டைப் பாடகர்களிடம் விட்டுவிடுவேன். காலில் ஸா ஒன்றை நீளமாகப் பிடிப்பேன், தேவைப்பட்டால் மேலே பா சேர்ப்பேன். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் இருப்பாரே, அதே வேலை. மேல்நாட்டுக்காரர் இதையே பெடல் பாயிண்ட் என்று பெயர் வைத்துப் பெரிய பெரிய படைப்புகளின் கடைசிப் பக்கத்தில் போடுகிறார்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கார்ட், அதாவது ஸ்வரக் கொத்து, போட்டு ராகத்தின் கழுத்தை நெரிக்கிற பழக்கம் மட்டும் நம் பக்கத்திலிருந்து போக வேண்டும். ‘கா’ இல்லாமல் ஸா–பா மட்டும் வைத்தாலே பாதி நோய் தீரும்.

ஆர்கனுக்குப் பாட்டு எழுத ஆசை. எங்கிருந்து தொடங்க?

மூன்று வரிசைக் கோட்டில் எழுத வேண்டும்: வலது கை, இடது கை, கால். காலுக்கு ஒரு தனி ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். இடது கையின் கீழ்ஸ்வரத்தையே காலுக்கும் கொடுத்தால் அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஒலி தேயாது என்று மேலே சொன்னேனே, எழுதுகிறவருக்கு அதுதான் மூலதனம். ஒரு ஸ்வரத்தை எட்டு மாத்திரை பிடித்து வைத்து அதன் கீழே மற்றவற்றை நகர்த்தலாம், பியானோவில் முடியாது. இந்தக் குணத்தை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதற்கு, ஜெர்மனியில் ஹால்பர்ஸ்டாட் என்ற ஊரில் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் ஒரு ஆர்கன் படைப்பை 2001இல் தொடங்கியிருக்கிறார்கள், 2640இல் முடியும். ஒரு கார்ட் வருஷக்கணக்கில் நிற்கும். நம் அசனப் பண்டிகைப் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்றாலே எனக்குப் போதும்.

மௌனத்தையும் எழுதுங்கள். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கோயில்களில் கார்டை எடுத்த பிறகும் ஒலி கொஞ்ச நேரம் மேலே சுற்றும். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிவிட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு விநாடி நின்றால் வேகமான ஓட்டங்களைக் குறையுங்கள், எல்லாம் கூழாகிவிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டு, தரையில் கம்பளம் விரித்து, முப்பது ஃபேன் ஓட விட்ட கோயில் என்றால் அந்தக் கவலை இல்லை. வேறு கவலை உண்டு.

எந்த ஸ்டாப் என்று எழுதி வையுங்கள், ஆனால் பிடிவாதம் வேண்டாம். எந்த இரண்டு பைப் ஆர்கனும் ஒன்றுபோல் இருக்காது.

பாக் வாசிக்க எத்தனை வருஷம் ஆகும்?

பாக் ஜெர்மனியின் பெரிய இசையமைப்பாளர், ஆர்கன்காரர். அவர் எழுதியதில் எதை என்பதைப் பொறுத்தது. எல்லாரும் கேட்கிற அந்த டி மைனர் டொக்காட்டாவின் முதல் பக்கம் கேட்கிற அளவுக்குக் கஷ்டமில்லை, அதன் பிறகு வரும், குரல்கள் ஒன்றையொன்று துரத்துகிற ஃப்யூகில்தான் ஆள் தெரியும். நான் அவருடைய ‘ஆர்கல்ப்யூக்லைன்’ தொகுப்பின் சின்னக் கோரல்களிலிருந்து, அதாவது சபைப் பாட்டு மெட்டை வைத்து எழுதியவற்றிலிருந்து, தொடங்கச் சொல்வேன். ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான், காலுக்கு நிஜமான வேலை இருக்கும். 1705இல் இருபது வயதில் பாக், பக்ஸ்டஹூட என்ற பெரிய ஆர்கன்காரர் வாசிப்பதைக் கேட்க ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனார். நாலு வாரம் லீவு கேட்டுவிட்டு நாலு மாதம் கழித்துத் திரும்பி மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாளையங்கோட்டையிலிருந்து பெரம்பலூர் தாண்டி நடக்கிற தூரம். நம் பையன்கள் பஸ் வரவில்லை என்று வகுப்புக்கு மட்டம் போடுகிறார்கள்.

ஒரு குழலாவது நானே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. அடைத்த மரக்குழலில் தொடங்குங்கள், தகரமும் ஈயமும் கலந்து உருக்கி ஊற்றுகிற வேலையெல்லாம் வீட்டுக்கு ஆகாது.

நடு ஸாவுக்கு, அதாவது ஒரு கட்டை ஸாவுக்கு, கணக்கு இப்படி: அடைத்த குழலின் நீளம் ஒலியின் அலைநீளத்தில் கால்வாசி. நம் சூட்டில் சுமார் 33 சென்டிமீட்டர் வரும். வாய்ப்பக்கம் காற்று கொஞ்சம் வெளியே நீளுவதால் நிஜ நீளம் முப்பதுக்குக் கீழே போய் நிற்கும். பயப்படாமல் 36 வைத்து அறுங்கள், மேல் அடைப்பான் நகரும், அதைக் கீழே தள்ளத் தள்ளச் சுருதி ஏறும். உள்ளளவு 40க்கு 32 மில்லிமீட்டர், பலகைக் கனம் 8. ஆசாரியார் பழைய தேக்குக் கதவு ஒன்றை இழைத்துக் கொடுத்தார். 32 பக்கத்தில் வாய். கீழே ஒரு கட்டை அடைத்து, அதற்கும் முன்பலகைக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றின் கனத்துக்குக் கீறல். அதற்கு மேலே எட்டு மில்லிமீட்டர் தள்ளி மேல் உதடு, உளியால் சாய்வாகச் சீவி.

முதல் குழலை ஆசாரியாரே எடுத்து ஊதினார். வந்தது நடு ஸா இல்லை, மேல்ஸ்தாயி பஞ்சமம், கீச்சென்று. “என்ன அண்ணாச்சி, பெட்டி அழுவுது?” என்றார். அடைத்த குழலைத் தாங்காத காற்று கொடுத்து ஊதினால் ஒரு ஸ்தாயியும் பஞ்சமமும் தாவி நிற்கும், அதன் குணம் அது. மேல் உதட்டை அரை மில்லி அரை மில்லியாகச் சீவினோம். ஒன்பதரையில் இறங்கி வந்தது. பத்தில் வட்டமாக, இளநீர் மாதிரி ஒரு ஒலி. இந்த வேலைக்குக் குரல் வைத்தல் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அறுத்து ஒட்ட ஒரு நாள் போதும், குரல் வைக்க மூன்று நாள் ஆனது. கூடுதலாகச் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, அந்த வகையில் இரண்டு குழல் போயிற்று.

காற்றழுத்தம் பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபை ‘ப’ போல் வளைத்து, கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றுப் பெட்டியில் சொருகுங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 75 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் போதும். எங்கள் துருத்தியின் மேல்பலகை 60க்கு 40 சென்டிமீட்டர். கணக்குப்படி அதன் மேல் 18 கிலோ வேண்டும், ஆறு செங்கல் வைத்தோம், தண்ணீர் சரியாக வந்து நின்றது.

எலக்ட்ரானிக் ஆர்கன் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் காசைப் பெட்டியில் மட்டும் போடாதீர்கள், ஸ்பீக்கரில் போடுங்கள். 16 அடியின் கீழ் ஸா விநாடிக்கு சுமார் 33 அதிர்வு, பஜாரில் கிடைக்கிற எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் அதைத் தொடவே தொடாது. காலில் 30 அல்லது 32 கட்டை உள்ளதாகப் பாருங்கள். வீட்டில் பழக, கம்ப்யூட்டரில் ஓடும் ஹாப்ட்வெர்க் இருக்கிறது, கிராண்ட்ஆர்க் இலவசமாகவே கிடைக்கிறது. நிஜ ஆர்கன்களின் ஒவ்வொரு குழலையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஹெட்போனில் கேட்டால் புல்லரிக்கும். கிறிஸ்துமஸ் அதிகாலை நாலு மணிக்குக் கரண்ட் போனால் எதுவும் அரிக்காது, இன்வெர்ட்டர் போட்டுவிடுங்கள்.

கால்பெட்டி பழுதாகிக் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

தயவு செய்து வேண்டாம். ஊமையான நாக்குகளில் பெரும்பாலும் தூசிதான், சட்டத்தை உருவி மென்மையான பிரஷால் துடைத்தாலே பேசும். துருத்தித் துணி கிழிந்திருந்தால் காற்று புகாத துணி ஒட்டலாம். நாக்கைச் சுரண்டிச் சுருதி சேர்க்க மட்டும் தெரியாமல் இறங்காதீர்கள். நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், இரண்டிலும் கை தவறினால் உடையும்.

நான் வாசித்த ஒரு கோயிலில் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், மூன்றாம் வார்த்தை முடிந்து பாட்டு எடுக்கும்போது வலது கால் மிதியின் வார் அறுந்துவிட்டது. பல மாதமாக நைந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், சோம்பல். மிச்ச நாலு வார்த்தைகளையும் ஒற்றைக் காலால் மிதித்தே ஒப்பேற்றினேன், மறுநாள் படி இறங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் கட்டில் நாடா இரண்டு முழம் வாங்கித் தைத்துப் போட்டது, பன்னிரண்டு வருஷமாக அப்படியே இருக்கிறது.

கல்யாணத்துக்கு என்ன வாசிப்பீர்கள்?

பெண் வரும்போது வாக்னர், போகும்போது மெண்டல்சோன். மாற்றினால் பெண்ணின் அம்மா திரும்பிப் பார்ப்பார்.

நிஜ பைப் ஆர்கனை எங்கே கேட்கலாம்?

சென்னை போனால் எழும்பூர் ஆண்ட்ரூஸ் கர்க் என்ற கோயிலில் ஒன்று இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்குப் போய் முன்னால் உட்காராமல் நடுவில் உட்காருங்கள்.

உங்கள் பட்டறை ஆர்கன் எப்போது முடியும்?

நாற்பத்தொன்பது குழல் வேண்டும், பதினேழு நிற்கிறது. அதில் பதினாலு பேசுகிறது, இரண்டு இருமுகிறது, ஒன்று ஆசாரியார் பேரன் உள்ளே கோலிக்காய் போட்டதால் இப்போதைக்கு ஊமை. ஐப்பசி மழை தொடங்கினால் பசை காயாது, அதற்குள் இன்னொரு ஆறு குழலை ஒட்டிவிடப் பார்க்கிறோம்.